தாளில் 'போதகர் வரம்' வந்துவிட்டது, வேலையை விடலாமா?

கேள்வி: எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியத்தைக் கவனித்துக்கொள்கிறேன். 23 வயதுத் தம்பி ஒருவன் நன்றாகப் பாடுவான், உருக்கமாக ஜெபிப்பான். ஒரு முகாமில் ஆவிக்குரிய வரங்களைக் கண்டறியும் கேள்வித்தாளை நிரப்பியிருக்கிறான். போதகர் வரத்துக்குத்தான் அதிக மதிப்பெண். அங்கே வந்திருந்த ஊழியர் ஒருவர், "உனக்கு முழுநேர ஊழிய அழைப்பு உண்டு" என்று தீர்க்கதரிசனம் சொல்லி, தங்கள் பயிற்சி மையத்தில் 6 மாதம் படித்தால் பட்டமும் போதகர் அபிஷேகமும் தருவதாகச் சொன்னாராம். தம்பி ராஜினாமா செய்யத் துடிக்கிறான். நான் ஊக்கப்படுத்துவதா, தடுப்பதா? தடுத்தால் ஆவியை அவித்துப்போட்டவன், அதாவது பரிசுத்த ஆவியின் செயலை அணைத்துவிட்டவன், ஆவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: வேலையை இப்போது விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே மூச்சில் சபையில் அவனுக்கு ஒரு பொறுப்பும் கொடுங்கள். வெறும் "பொறுத்திரு தம்பி" என்றால் அடுத்த முகாமுக்குத்தான் போவான்.

முதலில் அந்தத் தாள். ரோமர் 12-இல் ஏழு வரங்கள், 1 கொரிந்தியர் 12:8-10-இல் ஒன்பது, எபேசியர் 4:11-இல் வேறு ஒரு வரிசை. இந்த வரிசைகள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. பவுல் அட்டவணை போடவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பிற்காலத்தில் யாரோ எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் சில கேள்விகள் எழுதி, கூட்டிப் பார்த்தால் வரம் தெரிந்துவிடும் என்றார்கள். "பிறரை வழிநடத்துவதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு" என்று ஒரு வரி இருக்கும். மூன்று நாள் முகாமில் அழுது ஜெபித்துவிட்டு வந்த பையன் அதில் என்ன போடுவான்? தான் எப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறானோ அதைத்தான் போடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பேச்சைத் தொடங்கி வைக்க அந்தத் தாள் உதவும், அவ்வளவுதான்.

1 தீமோத்தேயு 3-ஐ எடுத்து அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, வேண்டிய தகுதிகளில் திறமை என்று சொல்லத்தக்கது போதக சமர்த்து ஒன்றுதான். மற்றதெல்லாம் குணம், குடும்பம், பணம், கோபம். கடைசியில் "புறம்பானவர்களால்" நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று வருகிறது. அந்தப் புறம்பானவர்கள் யார்? அவனுடைய அலுவலகத்தில் இருப்பவர்கள்தானே! வேலையை விட்டுவிட்டால் அந்தச் சாட்சி எங்கிருந்து வரும்? மேலதிகாரி கடிந்துகொண்டால் எப்படி நடந்துகொள்கிறான், சக ஊழியர்கள் அவனை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கிறார்களா என்பதெல்லாம் போதகராகப் போகிறவனைப் பற்றிய நல்ல தகவல்கள். எந்த முகாமும் இதைக் கேட்பதில்லை.

சரி, என்ன பொறுப்பு கொடுப்பது? மைக்கைக் கொடுக்காதீர்கள், அது ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் அடங்காத வகுப்பு ஒன்று இருக்குமே, அதை ஓராண்டுக்குக் கொடுங்கள். நடமாட முடியாத முதியவர்கள் இரண்டு மூன்று பேரை மாதந்தோறும் பார்த்துவரச் சொல்லுங்கள். வீட்டுக் கூட்டத்தில் ஒரு பகுதியை விளக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் கேட்டவர்களிடம் விசாரியுங்கள். "நன்றாகப் பேசினான்" என்ற பதிலைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அவன் என்ன சொன்னான் என்பது அவர்களுக்கு நினைவிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த முதியவர்கள் "அந்தப் பையன் எப்போ வருவான்?" என்று அவர்களாகவே கேட்டால், அது எந்த மதிப்பெண்ணையும் விடப் பெரியது. பேச்சை யாராவது குறை சொன்னால் அவன் முகம் எப்படிப் போகிறது என்றும் பாருங்கள்.

ஆதி சபையில் பிரசங்கித்த அப்பொல்லோ இதற்கு நல்ல முன்மாதிரி. பேச்சுவல்லவர், வேதத்தில் தேறினவர், ஆவியில் அனலுள்ளவர். ஆனாலும் யோவான் ஸ்நானகன் கொடுத்த ஸ்நானம் மட்டுமே தெரியும். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற விசுவாசத் தம்பதி அவரைக் கூட்டிக்கொண்டுபோய் இன்னும் திருத்தமாக விளக்கினார்கள். சபையார் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தது அதற்கு அப்புறம்தான் (அப்போஸ்தலர் 18).

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பையனைச் சரியாகத் தெரியாத கமிட்டி பதினைந்து நிமிடம் பேசிவிட்டு இறையியல் கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறது. அப்பா சபைத் தேர்தலில் எந்த அணி என்பதைப் பார்த்துக் கையெழுத்து போடுகிற சபைகளும் உண்டு. அதுவரை அவனுக்குக் கொடுத்த ஊழியம் நாற்காலி அடுக்குவதும் ஒலிபெருக்கி கட்டுவதும். பிறகு இறையியல் கல்லூரியில் ஆசிரியர்கள் உட்கார்ந்து, இவனுக்கு அழைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அது சபையின் வேலை ஐயா, கல்லூரியின் வேலை இல்லை. சபை இதைச் செய்யாமல் விட்ட இடத்தில்தான் அந்த 6 மாத மையங்கள் கடை போடுகின்றன. ஆள் சேர்த்துவிடுகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிற மையங்கள் உண்டு. ராஜினாமா செய்யும்போது கைக்கு வரும் பணத்தை 'விதை காணிக்கை'யாக (கொடுத்தால் பல மடங்காகத் திரும்பும் என்று சொல்லி) கேட்கிறவர்களும், கௌரவ டாக்டர் பட்டம் விற்கிறவர்களும் உண்டு. தம்பியை அந்த மையத்திடம் நான்கு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: யார் பாடம் நடத்துகிறார்கள், அவர்கள் எங்கே படித்தார்கள், இந்தப் பட்டத்தை வேறு எந்தக் கல்லூரி ஏற்கிறது, படித்து முடித்தவனை எந்தச் சபை ஏற்றுக்கொள்ளும். மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

"ஒரே நாளில் அழைக்கப்பட்டவர்கள் இல்லையா?" என்பான். அம்புரோஸைக் காட்டுவான், அல்லது அவனுக்கு யாராவது காட்டிக்கொடுப்பார்கள். மெய்தான். கி.பி. 374-இல் மிலான் நகர மக்கள் அவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் பேராயரானார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை அப்படி உடனே உயர்த்தக் கூடாது என்று பேராயர்கள் கூடிய நிசேயா சங்கம் 325-இலேயே விதி செய்திருந்தும் இது நடந்தது. ஆனால் முழுக் கதையையும் கேளுங்கள். அவர் அந்தப் பகுதியின் ஆளுநர், அவருடைய நேர்மையை ஊரே பார்த்திருந்தது. பதவியைத் தேடிப் போகவில்லை, தப்பிக்கத்தான் பார்த்தார். தேர்ந்தெடுத்ததும் வெளியூர் விருந்தாளி இல்லை, அவரை அறிந்த மக்கள். அதற்குப் பிறகும் சிம்பிளிசியானுஸ் என்ற மூத்த குருவிடம் பாடம் கேட்டார். கற்குமுன்பே கற்பிக்க வேண்டி வந்துவிட்டது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆக, 23 வயதில் வேலையை விட அம்புரோஸைத் துணைக்கு அழைக்க முடியாது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். "ஆவியை அவித்துப்போடாதிருங்கள்" என்பது 1 தெசலோனிக்கேயர் 5:19. இரண்டு வசனம் தள்ளி, எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்கிறார் பவுல். பவுலின் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவைக் குறித்தும் தீர்க்கதரிசனம் உண்டாயிற்று, ஆனால் சபை மூப்பர் சங்கமும் அவர்மேல் கைகளை வைத்து ஏற்றது (1 தீமோத்தேயு 4:14). அதற்கு முன்பே லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர் அவரைப் பற்றி நற்சாட்சி சொல்லியிருந்தார்கள். எனவே அந்த ஊழியரிடம், தான் சொன்னதை எழுதி உங்கள் போதகருக்கு அனுப்பும்படி தம்பியையே கேட்கச் சொல்லுங்கள். ஓராண்டு கழித்து மூப்பர்களோடு உட்கார்ந்து அதை எடுத்துப் பார்க்கலாம். கர்த்தர் சொன்னது ஓராண்டில் காலாவதி ஆகாது. "இந்த மாதச் சேர்க்கையை விட்டால் அபிஷேகம் போய்விடும்" என்று அவர் அவசரப்படுத்தினால், தம்பியை அந்தப் பக்கமே விடாதீர்கள்.