கேலடெட்டின் சனிக்கிழமைகள்

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் பற்றிய கட்டுரையில், காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். 2023 சீசனை நான்கு தோல்விகளோடு தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பெரிய சீசன் என்று சொல்லப்படும் 2013-லும் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டார்கள். காது கேட்காத குறையைத் தாண்டி விளையாடுகிறார்கள் என்பதற்காகப் பாராட்டலாம், சரி. வெறும் விளையாட்டாகப் பார்த்தால் இதில் என்ன இருக்கிறது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

'குறையைத் தாண்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். வாஷிங்டன் நகருக்குள், ஃப்ளோரிடா அவென்யூவை ஒட்டி இருக்கிறது அந்த வளாகம். அங்கே நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஒரு முழு ஆட்டம் பார்த்திருக்கிறேன். மைதானத்திலும் படிகளிலும் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் எத்தனை நிமிடம் பாக்கி என்று கேட்கக்கூட எனக்குத்தான் வழி தெரியவில்லை.

நீங்கள் விளையாட்டாகப் பார்க்கச் சொன்னதால் ஹடிலிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு முறை பந்தை எடுத்து ஆடுவதற்கு முன்னாலும் வீரர்கள் வட்டமாகக் குனிந்து நின்று திட்டம் பேசுவார்களே, அதுதான் ஹடில். டிவியில் பார்த்திருப்பீர்கள். அது 1890-களில் கேலடெட்டில் பிறந்தது என்பார்கள். பால் ஹப்பர்ட் அப்போது அங்கே குவார்ட்டர்பேக், அதாவது திட்டத்தைச் சொல்லி அணியை நடத்துகிற வீரர். காது கேட்கும் அணிகளோடு ஆடும்போது அவருக்குச் சிக்கல் இல்லை, திட்டத்தை எல்லோர் முன்னாலும் கையாலேயே சொல்லிவிடலாம். எதிரே நிற்பதும் காது கேளாதோர் அணி என்றால் ஒவ்வொரு சைகையையும் அவர்கள் படித்துவிடுவார்கள். அதனால் தன் ஆட்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் கையை மறைத்துப் பேசினார். டெல்லி மெட்ரோவில் இரண்டு தமிழர்கள் உரக்கப் பேசிக்கொண்டு வருவார்கள். எதிர் சீட்டில் ஒருவர் தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்தால் உடனே குரல் தணிந்துவிடும். அதேதான் இதுவும். ஒளித்துப் பேச வேண்டியிருக்கிறது என்றாலே அங்கே முழுமையான ஒரு மொழி இருக்கிறது என்றுதானே பொருள்? இன்று இந்த விளையாட்டை ஆடும் எல்லோரும் அப்படித்தான் வட்டமாக நிற்கிறார்கள்.

இந்த மொழிக்காக அவர்கள் போராடியும் இருக்கிறார்கள். 1864-ல் லிங்கன் கையெழுத்தில் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம் இது. ஆனால் 124 வருடங்களாக அதன் தலைவர்கள் எல்லோருமே காது கேட்பவர்கள். 1988 மார்ச்சில் மறுபடியும் அப்படி ஒருவரை நியமித்ததும் மாணவர்கள் வாயிற்கதவுகளை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். 2023-ல் ஃபுட்பால் கோச்சாக இருந்த சக் கோல்ட்ஸ்டீன் காது கேட்பவர். சைகை மொழியை அங்கே வந்து கற்றுக்கொண்டுதான் பயிற்சி கொடுத்தார்.

இனி சீசன் விஷயம். இது டிவிஷன் த்ரீ, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு. விளையாட்டுக்கென்று உதவித்தொகை தர விதியே இடம் கொடுக்காது. என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகுக்குப் போகும் கனவோடு யாரும் இங்கே வருவதில்லை. வாரம் முழுக்க வகுப்பு, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். ஒரு சீசன் என்பது இப்படிப் பத்து சனிக்கிழமைகள், அவ்வளவுதான்.

அந்தப் பத்தில் இவர்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். பந்து அசைவதைக் கண்ணால் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். ஒரு காலத்தில் ஓரத்தில் பெரிய டிரம்மை அடித்து, அதிர்வு உடம்பில் படும் கணக்கில் ஒவ்வொரு முறையும் பந்தை ஆடத் தொடங்கினார்கள். நடுவரின் விசில் காதில் விழாமல், ஆட்டம் நின்ற பிறகும் ஒருவரை மோதித் தள்ளிவிட்டால் அபராதம். எல்லோரையும்விட அதிகச் சுமை குவார்ட்டர்பேக்குக்கு. கோச்சின் கையையும் பார்க்க வேண்டும், எதிரணி நகர்வதையும் பார்க்க வேண்டும், இருப்பதோ ஒரே ஜோடிக் கண்.

நீங்கள் சொன்ன 2023-ல் நடந்தது இதையொட்டித்தான். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனமும் கேலடெட்டும் சேர்ந்து ஒரு ஹெல்மெட் செய்தார்கள். கோச் டேப்லெட்டில் ஒரு திட்டத்தைத் தொட்டால், குவார்ட்டர்பேக்கின் கண்முன்னே சின்னத் திரையில் அது எழுத்தாகத் தெரியும். என்எஃப்எல் குவார்ட்டர்பேக்குகளின் ஹெல்மெட்டில் 1994 முதலே ரேடியோ இருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அக்டோபர் 7, ஹில்பர்ட் கல்லூரியோடு ஆட்டம். 34-20. நான்கு தோல்விகளுக்குப் பிறகு வந்த முதல் வெற்றி அது. ஹெல்மெட் ஜெயிக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஓடியதும் பிடித்ததும் பையன்கள்தான். ஆனால் அன்றைக்கு அவர்களுடைய குவார்ட்டர்பேக் எதிரணி மேலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

2013-ஐ முதல் சுற்றோடு முடித்துவிட்டீர்கள். இந்த அணி நடுவில் கிளப் அளவுக்குச் சுருங்கிப்போய், 2007-ல்தான் மறுபடி முழு அணியாக எழுந்தது. ஆறு வருடம் கழித்து வழக்கமான பத்து ஆட்டங்களில் ஒன்பதை ஜெயித்து, தன் பிரிவில் சாம்பியனாகி, முதல் முறையாகப் பிளேஆஃப் போனது. ஹோபர்ட் கல்லூரியிடம் 34-7 என்று தோற்றது உண்மைதான். அந்த ஒன்பதையும் எண்ணுங்கள் எஸ்.

நான் பார்த்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். இரண்டாம் பாதியில் ஒரு டச்டவுன் போட்டபோது பழக்கத்தில் கைதட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், பழைய மாணவராக இருக்க வேண்டும், என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மேலே தூக்கிவிட்டார். விரல்களை விரித்து ஆட்டிக் காட்டினார். நிமிர்ந்து பார்த்தால் படிகள் முழுக்கக் கைகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

நவம்பரில் அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். ஆட்டம் முடிந்ததும் பையன்களும் பெற்றோர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளக்குக் கம்பங்களுக்குக் கீழே போய் நின்றுகொண்டார்கள். ஏன் என்று முதலில் விளங்கவில்லை. கையில் பேசுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே! ஒரு பையன், முழங்கையெல்லாம் மண், ஹெல்மெட்டைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, கைக்கு வந்து நழுவிய ஒரு பந்தைப் பற்றித் தன் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அது மட்டும் எனக்கே புரிந்தது. நான் ரயிலுக்குக் கிளம்பும்போதும் அவர்கள் பேசி முடிக்கவில்லை.