லெஃப்ட் சைடு மட்டும் கரகரன்னு வருது!

கேள்வி: சார், எங்க அப்பா 1980கள்ல வாங்குன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், பத்து வருஷமா பரண்ல கெடந்துச்சு, இப்ப எடுத்துப் போட்டா ரைட் நல்லா பாடுது, லெஃப்ட் கம்மியா கரகரன்னு வருது, வால்யூம நல்லா ஏத்துனா 'டப்'புன்னு சரியாயிடுது, கொறச்சா மறுபடி போயிடுது. கடையில பவர் டிரான்சிஸ்டர் நாலையும் மாத்தணும்ங்கிறாங்க. மாத்தலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வேணாம் தம்பி, இப்போதைக்கு காச உள்ளயே வைங்க. பவர் டிரான்சிஸ்டர் போச்சுன்னா பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஃப்யூஸ் அடிச்சிடும், இப்படி வந்து வந்து போய் கண்ணாமூச்சி ஆடாது. ஏத்துனா வருது கொறச்சா போகுதுன்னா அது காண்டாக்ட் கேஸ். ஹார்பர் பக்கம் வீடு, உப்புக்காத்து, ஸ்பீக்கர் ரிலே (ஆம்ப்புக்குள்ள ஸ்பீக்கர சேத்து விடுற தானியங்கி சுவிட்ச்) உள்ள காண்டாக்ட் கறுத்திருக்கும், பெரிய சிக்னல் அந்தக் கறுப்ப ஒடச்சிக்கிட்டுப் போயிடும், சின்னது மாட்டிக்கும்.

எதுக்கும் ஆஃப் பண்ணிட்டு இன்புட் வயர லெஃப்ட் ரைட் மாத்திக் குத்திப் பாருங்க, கோளாறும் கூடவே பக்கம் மாறுனா தப்பு பிளேயர்லயோ வயர்லயோ. மாறலன்னா ஸ்பீக்கர் வயரயும் மாத்துங்க, அப்பவும் அதே ஸ்பீக்கர்தான் கரகரக்குதுன்னா ஸ்பீக்கர் அவுட்டு, இல்லன்னா ஆம்ப்தான். வால்யூம், பேலன்ஸ் நாப்ப இருபது வாட்டி திருகிப் பாருங்க, சில சமயம் அதுலயே முடிஞ்சிடும்.

முடியலன்னா பிளக்க புடுங்கிட்டு மூடியத் தெறங்க. பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வச்சு எறக்கி மீட்டர்ல பாத்துக்கோங்க, ஸ்க்ரூட்ரைவரால ஷார்ட் பண்ணாதீங்க (நான் பண்ணி நுனி பொசுங்குனது இன்னும் டூல் பாக்ஸ்ல கெடக்கு). ரிலே மூடி கழண்டு வந்தா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச விசிட்டிங் கார்டு துண்ட காண்டாக்ட் நடுவுல விட்டு மெதுவா இழுங்க. கார்டுல கறுப்புக் கோடு விழும் பாருங்க, அதான் உங்க கரகரப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா மேல் பூச்சு போயிடும்.

அதுக்கும் மசியலன்னா ஸ்பீக்கர கழட்டிட்டு ஆம்ப்புக்குப் போற மெயின்ஸ் கரண்ட் லைன்ல 100 வாட் குண்டு பல்ப சீரீஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க, பளிச்சுன்னு எரிஞ்சி மங்கணும், மங்காம நின்னா உள்ள ஷார்ட். ரிலேக்கு முன்னாடி டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருக்கணும். எகிறுதுன்னா ரைட் சேனல்ல எந்தெந்த எடத்துல எவ்ளோ வோல்ட்டுன்னு பாத்து லெஃப்ட்டோட ஒப்பிடுங்க, நல்ல சேனல்தான் உங்க சர்க்யூட் டயாகிராம்.

ரிலே மாத்துறதா இருந்தா காயில் வோல்டேஜ் பாத்துப் புதுசா வாங்குங்க. பாண்டி சண்டே மார்க்கெட்ல பழசு கெடைச்சாலும் எடுக்காதீங்க, அதுவும் இதே கடக்காத்து தின்னதுதான்.