யார் யாருக்குக் கணக்குச் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எல்லாக் கட்சிகளையும் விமர்சிக்கிறீர்கள். நீங்கள் எந்தக் கட்சி? (வாசகர், ஈரோடு)

எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினர் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் வாக்களிக்கிறேன், யாருக்கு என்பதை வீட்டிலும் சொல்வதில்லை. வாக்களிக்கும் முன்பு, என் தொகுதி வேட்பாளர்கள் படிவம் 26இல் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எடுத்துப் படிப்பேன். ஒரு வேட்பாளரின் மேலுள்ள வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டென்று 2002, 2003ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே இது சாத்தியமாயிற்று. நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கேள்வி: தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டின்போது நான் பள்ளி மாணவன். அப்போது எங்கள் மாவட்டத்தில் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி பரவி மேலும் உயிர்கள் போகாமல் இருக்க அது தேவைதான் என்கிறார் என் அப்பா. உங்கள் கருத்து என்ன? (இளைஞர், கோவில்பட்டி)

உங்கள் அப்பாவின் கவலையை மதிக்கிறேன். கலவர நாட்களில் ஒரு பொய்ச் செய்தி என்ன செய்யும் என்பதைப் பார்த்த தலைமுறை அவருடையது. ஆனாலும் அந்த நாட்களின் நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு முடிவே தோன்றுகிறது.

ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற மக்கள் மீது காவல்துறை சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூடு 13 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மஞ்சள் பனியன் அணிந்த ஒருவர் வாகனத்தின் கூரை மேல் ஏறித் துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சி அன்றைக்கே நாடெங்கும் பரவியது. சுடச் சொன்னது யார், எச்சரிக்கை கொடுத்தார்களா, சீருடை இல்லாதவர் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்று மக்கள் கேட்கத் தொடங்கிய வேளையில், மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது.

அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, நடந்ததைத் தொலைக்காட்சி பார்த்தே தெரிந்துகொண்டதாகச் சொன்னார். துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்தக் கூற்றை ஏற்கவில்லை. உயரதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் தெரிவித்து வந்தார்கள் என்று பதிவு செய்தது. அந்த அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில், அதாவது நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. தன் ஊரில் என்ன நடக்கிறது என்பதை அறியும் வழி மூன்று மாவட்ட மக்களுக்கு ஒரே நாளில் அடைக்கப்பட்டது. அரசின் தலைவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை அறிய அவர்கள் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வதந்திக்கு மருந்து, அதை முந்திக்கொண்டு வரும் உண்மை. மாவட்ட நிர்வாகம் மணிக்கொரு முறை அறிக்கை தரலாம், இறந்தவர்கள், காயமடைந்தவர்களின் பட்டியலை மருத்துவமனை வாசலில் ஒட்டலாம். காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று கூறிவிட்டது. உத்தரவு வெளியே வந்தால்தான் காரணம் என்ன, கையெழுத்திட்டவர் யார் என்று கேட்டு நீதிமன்றம் போக முடியும். உங்கள் அப்பாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தலைவர்களைக் கேலி செய்வதெல்லாம் கருத்துச் சுதந்திரமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதவியையும் பதவியில் இருப்பவர் செய்கிற செயலையும் கேலி செய்வது கருத்துச் சுதந்திரம்தான், ஐயா. அவர் வீட்டுப் பெண்களை இழிவாகப் பேசுவதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

1987இல் அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் பற்றிய ஒரு நகைச்சுவைத் துணுக்கை வெளியிட்டதற்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களில் அவரை விடுவித்தார்கள். 2025 பிப்ரவரியில், பிரதமரைக் கைவிலங்குடன் வரைந்த கேலிச்சித்திரத்துக்காக அதே நிறுவனத்தின் இணையதளம் முடக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மார்ச் மாதத்தில் தளம் திரும்பியது.

முதல் நிகழ்வில் தண்டித்தவர் யார், எதற்காக என்பது அவைக் குறிப்பிலேயே இருக்கிறது. இரண்டாவதிலோ, ஒரு நாள் மாலையில் வாசகர்கள் பக்கத்தைத் திறக்கப் பார்த்தார்கள், திறக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழான விதிகள் முடக்கக் கோரிக்கைகளையும் அவற்றின் மீதான நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. அந்த ரகசியத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். சிறைக்கதவு மூடும் சத்தம் ஊருக்குக் கேட்டது. இது யாருக்கும் கேட்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் வீட்டு வசதித் திட்டப் பயனாளிகளின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். தனிநபர் தகவல் என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்யலாம்? (இல்லத்தரசி, திண்டுக்கல் மாவட்டம்)

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை முடிந்துவிட்டதாகப் பலகை வைத்திருந்தார்கள். வடிகாலோ பாதித் தெருவோடு நின்றிருந்தது. விண்ணப்பத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வேலையின் எம்-புக், அதாவது அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் நகல் வந்தது. பொறியாளர் எழுதியிருந்த நீளத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க, நாங்களே அளந்தோம். எழுதியிருந்ததில் பாதிகூட இல்லை. ஒப்பந்ததாரர் பெயரும் பொறியாளர் கையெழுத்தும் அந்த நகலில் இருந்ததால்தான் புகாரில் ஆளைக் குறிப்பிட முடிந்தது.

அந்தப் பெயரும் கையெழுத்தும்கூடத் தனிநபர் தகவல் என்று இன்று ஓர் அலுவலர் மறுக்கப் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய 8(1)(ஜே) பிரிவு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மட்டுமே மறுக்க இடம் தந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது; இந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பை நான் கொண்டாடியவன். குடிமகனைக் காக்க வந்த அந்த உரிமை, அவன் கேட்கும் கணக்கைத் தடுக்கும் சுவராக நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் உங்களுக்கு வழி அடைபடவில்லை. 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன், வெளியிடாமல் காக்கப்படும் நலனைவிடப் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. அரசு மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு, அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் அவகாசம். மறுப்புக் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அதை எண்ண வேண்டும். அது வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள தபால் முத்திரையின் தேதி தேவைப்படும்.