வைஃபைக்கு வழி சொன்னால் கொள்கை கெட்டுவிடுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் படிப்பகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய லேப்டாப்களில் டெபியன் 12 (யாரும் எடுத்து, மாற்றி, பகிரக்கூடிய, அதாவது கட்டற்ற, லினக்ஸ் இயங்குதளம்) போட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். சில லேப்டாப்களில் வைஃபை வரவில்லை. மூலநிரல் திறக்காத ஃபர்ம்வேர் (வைஃபை சிப்புக்குள் ஓடும் சிறு நிரல்) போட்டால்தான் வரும் என்கிறார்கள். "கட்டற்ற மென்பொருள் கையேட்டில் அதையெல்லாம் எழுதக் கூடாது" என்கிறார் எங்கள் குழுவில் மூத்தவர். எழுதலாமா, ஐயா?

பதில்: தாராளமாக எழுதுங்கள். ஒன்றை எப்படிப் போடுவது என்று சொல்வது வேறு, அதையே எடுத்துக் கொடுப்பது வேறு. உரிமச் சிக்கல் வருவது இரண்டாவதில்தான். உங்கள் கையேட்டின் உரிமம் உங்கள் எழுத்துக்கு மட்டும். அது குறிப்பிடும் மென்பொருளின் உரிமம் அதில் வந்து ஒட்டாது.

மூத்தவர் சொல்வதும் வீம்பு இல்லை. மாற்றக் கூடாத பகுதிகள் இருக்கின்றன என்பதற்காக, கட்டற்ற மென்பொருளின் முன்னோடியான ஜிஎன்யு திட்டத்தின் உரிமத்தில் வந்த அத்தகைய கையேடுகளையே 2006-இல் ஓட்டெடுத்து ஒதுக்கியவர்கள் டெபியன்காரர்கள். அவர்களே 2022-இல் இன்னொரு ஓட்டெடுத்து, 2023-இல் வந்த டெபியன் 12-இன் இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டார்கள். இதற்கு இத்தனை வருடமா என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான். அதற்கு முன்பும் ஃபர்ம்வேரோடு ஒரு இன்ஸ்டாலர் இருந்தது, 'அதிகாரப்பூர்வமற்றது' என்ற பெயரில் ஒரு மூலையில். புதிதாக வருகிறவருக்கு அது எங்கே கண்ணில் படும்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்.

அந்தக் கடைதான் என் கவலை. "லினக்ஸ் இந்த மிஷினுக்கு செட் ஆகாது சார்" என்று சொல்லி, கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக் காசை வாங்கிவிடுவார்கள். புதுச்சேரியில் ஒரு கடை பில்லில் 'லினக்ஸ் லைசென்ஸ்' என்று தனி வரியே பார்த்தேன். டெபியனுக்கு ஏது லைசென்ஸ் கட்டணம்? கடைக்குப் போகாதவர் 'டிரைவர் பேக்' என்று இணையத்தில் தேடி, கண்டதையும் இறக்கிக்கொள்வார். நீங்கள் எழுதாமல் விடும் பக்கத்தை எழுதப்போவது இவர்கள்தான். ஆகவே டெபியன் களஞ்சியம் (டெபியன்காரர்களே மென்பொருள்களை வைத்திருக்கும் இணைய இடம்) தவிர வேறெங்கும் போகாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். நீங்களும் நல்ல எண்ணத்தில் ஃபர்ம்வேர் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்துவிடாதீர்கள், அது விநியோகம்.

டெபியன் 12-லும் வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் பழைய பிராட்காம் சிப்பாக இருக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதன் ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க உரிமம் இடம் தரவில்லை, அதனால் இன்ஸ்டாலரில் அது இருக்காது. களஞ்சியத்தின் கான்ட்ரிப் பிரிவில் (தான் கட்டற்றதாக இருந்தும் கட்டற்றதல்லாத ஒன்றைச் சார்ந்திருப்பவை இருக்கும் இடம்) 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்று ஒரு பேக்கேஜ் உண்டு. அதற்குள்ளும் ஃபர்ம்வேர் கிடையாது. நிறுவும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். வைஃபை வர இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும்! போனை கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். லேப்டாப் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம் களஞ்சியப் பட்டியலில் கான்ட்ரிப்பைச் சேர்த்து, அப்டேட் கொடுத்து, பேக்கேஜைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில மாடல்களுக்கு இது ஒத்துவராது. அவற்றுக்கு நான்-ஃப்ரீ (கட்டற்றதல்லாதவை) பிரிவில் உள்ள 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' வேண்டும். எந்த சிப் என்று 'எல்எஸ்பிசிஐ' கட்டளை காட்டும்.

கையேட்டில் இந்தப் பகுதியின் தலையிலேயே "இதன் மூலநிரல் திறந்ததல்ல" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மூத்தவருக்கும் ஒரு வழி இருக்கிறது: ஏத்தரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை. அதன் ஃபர்ம்வேரே கட்டற்றது, கட்டற்றவை மட்டும் இருக்கும் டெபியனின் மெயின் பிரிவிலேயே கிடைக்கிறது. கடையில் சிப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் மேல் பெரும்பாலும் போட்டிருக்காது.