முழங்கை வலிக்கு அக்குபங்சர்: 20 சிட்டிங்குக்கும் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: தையற்கடை நடத்துகிறேன், வயது 46. நான்கு மாதங்களாக வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி. கத்தரிக்கோலை அழுத்தினாலும் குடத்தைத் தூக்கினாலும் சுரீரென்கிறது. எலும்பு மருத்துவர் ‘டென்னிஸ் எல்போ’ என்றார். ஓர் அக்குபங்சர் மையத்தில், 20 சிட்டிங்குக்கு 16,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினால் முழுக்கக் குணமாகும் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமே இதை அங்கீகரித்திருக்கிறதாம். கட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: மெல்லிய ஊசிகளைத் தோலில் குத்தும் இந்தச் சிகிச்சையை முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் 20 சிட்டிங்குக்கும் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள்.

மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கும் தசையின் நாண், முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் சேரும் இடத்தில் தேய்ந்து நைந்துபோவதே டென்னிஸ் எல்போ. டென்னிஸ் மட்டையையே தொடாத தையற்காரர்களுக்கும் தச்சர்களுக்கும் சமையற்காரர்களுக்கும் இது வருகிறது. பெரும்பாலானோருக்கு, என்ன சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும், ஓராண்டுக்குள் வலி தணிந்துவிடும். ஏற்கெனவே நான்கு மாதங்கள் கடந்துவிட்ட நீங்கள் இன்னும் சில மாதங்கள் ஊசி போட்டுக்கொண்டபின் குணமானால், அது ஊசியால் வந்ததா, காலத்தால் வந்ததா என்பதை உங்களாலும் சொல்ல இயலாது, அந்த மையத்தாலும் சொல்ல இயலாது. ‘முழுக்கக் குணமாகும்’ என்ற வாக்குறுதி விற்பவருக்கு வசதியாக அமைவது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில், அக்குபங்சர் பலனளிக்கும் நோய்களின் பட்டியலில் டென்னிஸ் எல்போ இடம்பெற்றிருப்பது உண்மைதான். ஆனால் அது 1990-களின் இறுதிவரை வெளிவந்த ஆய்வுகளின் தொகுப்பே தவிர, எந்த மையத்துக்கும் வழங்கப்பட்ட சான்றிதழ் அன்று. ஏறத்தாழ அதே காலத்தில், 2002-ல், மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு இதே வலி குறித்த நான்கு சிறிய ஆய்வுகளைப் பரிசீலித்தது. வலி சிறிது நேரம் குறையலாம், ஆனால் ஒரு சிட்டிங்குக்குப் பின் 24 மணி நேரத்தைக் கடந்து நீடிக்கும் பலன் நிறுவப்படவில்லை என்பதே அதன் முடிவு. பின்னர் வந்த ஆய்வுகளில் சில வாரங்கள்வரை நிவாரணம் தென்பட்டாலும், அவற்றில் பலவும் சிறியவை, தரத்திலும் குறைந்தவை. வலியைத் தற்காலிகமாகத் தணிக்கக்கூடிய ஒன்றுக்கு எவ்வளவு தரலாமோ அவ்வளவு தருவதே நியாயம்.

எனவே முதல் மூன்று, நான்கு சிட்டிங்குகளுக்கு அன்றன்றைக்குப் பணம் கொடுத்துப் பாருங்கள். கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது வலி எப்படியிருக்கிறது என்று தினமும் குறித்துவையுங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். இதற்கு உடன்படாத மையம் உங்களுக்கு வேண்டாம். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கிருமிநீக்கிய ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரானால் முன்பே தெரிவியுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறையைத் தவிர்க்க வேண்டும். மத்திய அரசு 2003-ல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகவும் 2019-ல் தனித்த மருத்துவ முறையாகவும் ஏற்றது. அந்த ஏற்பு முறைக்குத்தானே தவிர, ஊசி பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அன்று. ஆகவே சிகிச்சை தருபவர் எங்கே, எத்தனை ஆண்டுகள் படித்தார் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மணிக்கட்டு தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொள்வது இதைவிட மலிவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. விரைவான தீர்வு என்று ஸ்டீராய்டு ஊசிக்கு ஓட வேண்டாம். சில வாரங்கள் அது அற்புதமாக வேலை செய்யும். ஓராண்டு கழித்துப் பார்த்தால், அதைப் போட்டுக்கொண்டவர்களே பின்தங்கியிருந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன.

கேள்வி: ஆன்லைனில் கிடைக்கும் எலக்ட்ரானிக் அக்குபங்சர் பேனா போதுமா?

பதில்: அது தோலின்மேல் மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தும் கருவி மட்டுமே. மேற்சொன்ன ஊசி ஆய்வுகளை அதன் விளம்பரத்தில் காட்டினால் நம்பாதீர்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: நான் முன்பணம் கட்டிவிட்டேன். ஐந்து சிட்டிங்கிலும் பலனில்லை. ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகி, திருச்சி

பதில்: முடியும். அச்சிட்ட ஒரு வரி சட்டத்தை மீறி நிற்காது. குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும், பில் தராதிருப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். பலன் கிடைக்கவில்லை என்பது மட்டுமே சேவைக் குறைபாடாகிவிடாது. குணமாகும் என்று பொய்யாக உறுதியளித்துப் பணம் வாங்கினார்கள் என்பதே உங்கள் வழக்கின் அடிப்படை. பயன்படுத்தாத சிட்டிங்குகளுக்கான தொகையைக் கேட்டு முதலில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குணமாகும் என்று உறுதியளித்த துண்டறிக்கையையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள், ஏனெனில் வாய்மொழியாகச் சொன்னதை மெய்ப்பிப்பதுதான் இத்தகைய வழக்குகளில் மிகக் கடினம்.