வயரிங் மாற்றியும் ஸ்பீடோமீட்டர் முள் ஆடுகிறதா?

புது வயரிங் போட்ட பிறகும் முள் 30க்கும் 50க்கும் நடுவே ஆடுகிறது என்றால், வயரிங்கைத் திரும்பப் பிரிக்காதீர்கள். வண்டி ஓடும்போது உள்ளே சுழலும் கம்பியுள்ள கேபிளால் இயங்கும் பழைய மீட்டருக்கு மின்சாரம் விளக்குக்கு மட்டும்தான். கேபிள் காய்ந்திருக்கும், இல்லையென்றால் டேஷ்போர்டுக்குப் பின்னால் மடங்கியிருக்கும். வயரிங் வேலையின்போது கைபட்டு மடங்குவது சகஜம்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, உட்கம்பியை விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றாமல் துள்ளினால் கோளாறு அங்கேதான். உருவித் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் கடைசி ஐந்தாறு சென்டிமீட்டரில் மட்டும் தடவ வேண்டாம். கிரீஸ் உள்ளே ஏறினால் முள் தாறுமாறாகக் காட்டும், சுத்தம் செய்வது பெரும்பாடு.

கேபிள் சீராகச் சுற்றியும் முள் ஆடினால் மீட்டரை நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மயிரிழை போன்றது.