பகுதி இரண்டு ஆங்கிலம்: வாசிப்பும் பேச்சும் – கேள்வி பதில்

கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி இரண்டாக வரும் ஆங்கிலத் தாளில் வாசிப்புப் பத்தி, உரையாடல் எழுதுவது, வாய்மொழித் தேர்வு, இந்த மூன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கவிதைச் சுருக்கம் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன், செமஸ்டர் விடைத்தாளும் திருத்துகிறேன். கேள்வித்தாள் எடுப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

தர்மபுரி மாணவி: மேடம், பி.எஸ்சி. முதலாண்டு. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பத்தியைப் பார்த்தாலே பாதி வார்த்தை தெரியவில்லை. எப்படிப் பதில் எழுதுவது?

முதலில் அந்தப் ‘பாதி’யைச் சரிபார்ப்போம். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, தெரியாத சொல்லுக்கு மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். பயத்தில் பாதி என்று தோன்றியது பெரும்பாலும் பத்துப் பதினைந்து சொல்லில் நின்றுவிடும். அகராதி இல்லாமல் ஒரு கதை நன்றாகப் புரிய நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் எழுதினார்கள். அது கதையை ஊன்றிப் படிப்பதற்கான கணக்கு. ஐந்து கேள்விக்குப் பதில் தேட அவ்வளவு தேவையில்லை.

ஓர் உதாரணம். பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றி எட்டு வரிப் பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1914இல் பாலத்தைத் திறந்தார்கள். நடுப்பகுதியைக் கப்பலுக்காகத் தூக்கித் திறக்கும்படி கட்டியிருந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் சேதமானது. ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தது. இவ்வளவுதான் விஷயம்.

பத்தியைத் தொடாமல் கேள்விகளை முதலில் படியுங்கள். ‘வென் வாஸ் தி ஓல்டு பிரிட்ஜ் ஓப்பன்டு?’ என்று இருக்கிறது. ‘வென்’ என்றால் கண் எண்ணைத் தேடிப் போகும். ஆனால் திறந்த வருடம் பத்தியில் இரண்டு இருக்கிறது. கேள்வியில் உள்ள ‘ஓல்டு’தான் உங்களை 1914க்குக் கொண்டுபோகும். அதைக் கவனிக்காதவர்கள் கடைசியாகக் கண்ணில் பட்ட 2025ஐ எழுதிவிடுகிறார்கள். அடுத்தது, ‘ஹூ வாஸ் இன் சார்ஜ் ஆஃப் தி ரிப்பேர்?’ பத்தியில் ‘என்ட்ரஸ்டட்’ என்று ஒரு சொல் இருந்து, அது தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. ‘ஹூ’ ஆளைக் கேட்கிறது, மொத்தப் பத்தியில் ஆள் பெயர் ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது, ‘ஒய் டு யூ திங்க் தி மிடில் பார்ட் வாஸ் மேடு டு ஓப்பன்?’ ‘டு யூ திங்க்’ வந்தால் பதில் ஒரே வரியில் அப்படியே கிடைக்காது. பாலம், கடல், கப்பல் என்று நீங்கள்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை இன்று பல தடவை சொல்லப்போகிறேன்: பத்தியிலிருந்து வரியை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். புயலைப் பற்றிக் கேட்டால் 1914இல் ஆரம்பித்து 2025 வரை நாலு வரி எழுதி வைக்கிறார்கள். பதில் அதற்குள் எங்கோ இருக்கும். திருத்துகிறவர் அதைத் தோண்டி எடுத்து மார்க் போடுவார் என்று நம்பாதீர்கள்.

அரியர் அரசன்: மேடம், முக்கியமான கேள்விகள் கொஞ்சம் சொல்லுங்க. பாஸ் ஆனா போதும்.

வாசிப்புப் பத்தி கண்டிப்பாக வரும். எந்தப் பத்தி என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் படிக்காதவருக்கும் மார்க் தரக்கூடிய ஒரே பகுதி அது.

தூத்துக்குடி பி.காம்: தினமும் ஹிந்து தலையங்கம் படித்தால் ஆங்கிலம் வரும் என்று எங்கள் மாமா சொல்கிறார். மூன்று நாள் படித்தேன், தலைவலிதான் வந்தது.

உங்கள் மாமா சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படித்தவராக இருப்பார். தலையங்கம் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவருக்கு. நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். முந்தின இரவு பார்த்த மேட்சின் செய்தியைப் படித்தால், யார் எத்தனை ரன் என்று முன்பே தெரியும். தெரியாத சொல்லும் தானாக விளங்கிவிடும். அதுவும் கஷ்டம் என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை நான்கு நிலையாகப் பிரித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். பல கதைகள் தமிழிலும் இருக்கின்றன. மூன்றாம் நிலையில் ஒரு கதையைத் தமிழில் படித்துவிட்டு, உடனே ஆங்கிலத்தில் படியுங்கள். சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று கூச்சப்பட வேண்டாம். யாரும் வந்து அட்டையைப் பார்க்கப் போவதில்லை.

கடைசி பெஞ்ச்: வாய்விட்டுப் படிப்பதா, மனசுக்குள் படிப்பதா? எங்கள் சார் வாய்விட்டுத்தான் படிக்கச் சொல்கிறார்.

இரண்டுக்கும் வேலை வேறு. ஆங்கிலம் பழகியவர் மனதுக்குள் படித்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொல், வாய்விட்டுப் படித்தால் 183 சொல் என்று 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. வாய் எப்போதும் கண்ணைப் பின்னுக்கு இழுக்கும். தேர்வுப் பத்திக்குப் பழகும்போது வாயை மூடிக்கொண்டு படியுங்கள். பேச்சுக்கு வாய்விட்டுப் படியுங்கள். நாக்குக்குப் பழக்கம் வேண்டுமே. உங்கள் சார் சொன்னது பேச்சுக்காக இருக்கும்.

விடுதி அறை எண் 9: பேசிப் பழக ஆள் இல்லை மேடம். ஆரம்பித்தாலே ரூமில் ‘பீட்டர் விடாதடா’ என்று சிரிக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று பேசச் சொல்கிறார்கள், சரியா?

கண்ணாடி உங்களை எதுவும் கேட்காது தம்பி. பேச்சு என்பது எதிராளிக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்குவது. அந்தத் தேவை இல்லாமல் ‘ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்’ என்று ஆரம்பிப்பதால்தான் சிரிப்பு வருகிறது.

என்.எஸ். பிரபு என்று ஓர் ஆங்கிலப் பேராசிரியர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரி ஒன்றைக் கொடுத்துக் கணக்குப்போல ஒரு விஷயத்தைத் தீர்க்கச் சொல்வது. பேச்சு அதற்கான கருவி மட்டும். இன்று உலகம் முழுக்கச் செயல்வழி மொழிப்பாடம் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சோதனையைச் சொல்லாமல் தாண்ட மாட்டார்கள்.

இதையே அறையில் செய்யுங்கள். சென்னையிலிருந்து மதுரை போகும் வைகை, பாண்டியன், பொதிகை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் நேரத்தை ஒரு தாளில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மதுரைக்குப் போய்ச் சேரும் நேரம் நண்பரின் தாளில். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. காலை எட்டு மணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டும், எந்த வண்டியில் ஏறுவது? ‘வாட் டைம் டஸ் பாண்டியன் ரீச் மதுரை?’ என்று கேட்டே ஆக வேண்டும். பகல் வண்டியான வைகையில் போனால் முந்தின ராத்திரி எங்கே தங்குவது என்று பேச்சு தானாக நீளும். தப்பாகப் பேசினாலும் நிறுத்தாதீர்கள். வண்டியைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

ஆல் கிளியர்: மேடம், இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் நான்கு செமஸ்டரும் கைடில் இருந்த உரையாடலை மனப்பாடம் செய்துதான் எழுதினேன். ஒரு அரியர் இல்லை. பசங்களை ஏன் குழப்புகிறீர்கள்?

பாஸ் ஆகியிருப்பீர்கள், நம்புகிறேன். பல பல்கலைக்கழகங்களில் 75க்கு 30 எடுத்தால் எழுத்துத் தேர்வு தாண்டிவிடும். ஆனால் திருத்தும் மேசையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். புத்தகத்தைத் தொலைத்த மாணவருக்கும் நூலகருக்கும் நடக்கும் உரையாடலை எழுதச் சொல்லிக் கேள்வி. கைடில் இருப்பது வங்கி மேலாளரும் வாடிக்கையாளரும். பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டே போகிறார்கள். ஆறாவது வரியில் நூலகர், ‘யுவர் பாஸ்புக் வில் பி ரெடி டுமாரோ’ என்கிறார். அடுத்த தாளிலும் அதே பாஸ்புக். ஒரு கட்டுக்கு எத்தனை நூலகர்கள் பாஸ்புக் கொடுக்கிறார்கள் தெரியுமா?

ஆல் கிளியர்: இருந்தாலும் மார்க் போடுகிறீர்கள்தானே?

வடிவத்துக்குக் கொஞ்சம் விழும். நான் இல்லை என்று சொல்லவில்லையே.

நாமக்கல் அக்கா: நான் பள்ளி ஆசிரியை. அந்தத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு மனப்பாடம்தான் ஊன்றுகோல். திருக்குறளையே மனப்பாடம் செய்துதானே கற்றோம்? வெளிநாட்டுக்காரன் முறையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராது.

அக்கா, வெளிநாட்டு முறை என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். பிரபுவின் சோதனை நடந்தது கடலூரில். அதற்கும் முன்னால், 1920களில் டாக்காவில் இருந்த மைக்கேல் வெஸ்ட் வங்காளத்துப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் ‘இவர்களுக்கு முதலில் வாசிப்பு, அப்புறம் பேச்சு’ என்ற முடிவுக்கு வந்தார். அடிக்கடி வரும் சுமார் 2000 சொற்களைத் தொகுத்து அவர் 1953இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் பேசப்படுகிறது. பிரபுவின் முறையும் வெஸ்டின் அந்த முடிவும் நம் பக்கத்து வகுப்பறையில் விளைந்த சரக்கு.

குறள் விஷயம் நல்ல கேள்வி. குறளை மனப்பாடம் செய்கிறவர் மேடைக்கு ஏற்றபடி ஒன்றை எடுத்துச் சொல்கிறார். 1330ஐயும் முதலிலிருந்து ஒப்பிப்பதில்லை. உரையாடலை முழுசாகக் குடித்த பிள்ளைக்கு நடுவில் ஓர் ஆள் மாறினால் எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று தெரிவதில்லை.

ஆல் கிளியர்: அப்படியென்றால் மனப்பாடம் செய்யலாம் என்கிறீர்களா, கூடாது என்கிறீர்களா? ஒன்று சொல்லுங்கள்.

உரையாடலை மனப்பாடம் செய்யாதீர்கள், வாக்கியத் தொடக்கங்களைச் செய்யுங்கள். எதையாவது கேட்க ‘குட் யூ ப்ளீஸ் டெல் மீ’. முடியாது என்பதைப் பதமாகச் சொல்ல ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’. வருத்தம் தெரிவிக்க ‘ஐ ஆம் சாரி, பட்’. யோசனை சொல்ல ‘ஒய் டோன்ட் யூ’. இப்படிப் பத்து இருந்தால் போதும். இப்போது அதே நூலகத்துக்கு வாருங்கள். ‘ஐ ஆம் சாரி, பட் ஐ ஹேவ் லாஸ்ட் தி புக்.’ ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் யூ ஹேவ் டு பே ஃபார் இட்.’ ‘குட் யூ ப்ளீஸ் டெல் மீ ஹவ் மச்?’ ‘ஒய் டோன்ட் யூ பை எ நியூ காபி?’ நான்கு வரி ஆகிவிட்டது, பாஸ்புக் எங்கேயும் வரவில்லை. இதே நான்கு தொடக்கம் ரயில்வே கவுண்டருக்கும் மருந்துக் கடைக்கும் போகும்.

நாமக்கல் அக்கா: இதுவும் மனப்பாடம்தானே மேடம். நான் சொன்னதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்.

அளவில் இருக்கிறது வித்தியாசம் அக்கா. இதில் நாம் இருவரும் உடன்பட மாட்டோம் போலிருக்கிறது. உங்கள் வகுப்பில் ஒருமுறை இரண்டு வகையாகவும் செய்ய வைத்து, கேள்வியில் ஆளை மாற்றிப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

சேலம் மூன்றாமாண்டு: முக்கியமான உரையாடல் எதெல்லாம் வரும் மேடம்?

மேலே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

மழைக்காலம்: ஆங்கிலம் பேச எந்த ஆப் நல்லது?

நான்காவது ஆள் இதைக் கேட்பது. போனில் குரல் பதிவு செய்யும் வசதி இருக்கிறதல்லவா, அதுதான். படித்த பத்தியை மூடிவைத்து ஒரு நிமிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள், கேளுங்கள், மறுபடி பதிவு செய்யுங்கள். காசு கட்டி எதையும் வாங்காதீர்கள்.

பெரம்பலூர் மாணவி: வாய்மொழித் தேர்வில் கேள்வி புரியாவிட்டால் சும்மா இருந்துவிடுகிறேன். பயமாக இருக்கிறது மேடம்.

சும்மா இருப்பதுதான் ஆபத்தும்மா. ‘சாரி, குட் யூ ரிப்பீட் தி கொஸ்டின்?’ என்று கேட்டால் மார்க் குறையாது, அதுவும் பேச்சுதான். மறுபடியும் புரியாவிட்டால், புரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘டு யூ மீன் மை வில்லேஜ், மேம்?’ என்று கேளுங்கள். தேர்வாளர் கேள்வியை எளிதாக்கித் தருவார், நாங்களும் மனிதர்கள்தான். உங்களைப் பற்றிச் சொல்லும் ஐந்து வரியை மனப்பாடமாக ஒப்பிக்காதீர்கள். நடுவில் அவர் ஒரு கேள்வி போட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பேனா மூடி: பத்திக்கு எத்தனை வரி எழுதினால் முழு மார்க்?

கேட்டதற்கு மட்டும். வரியை எண்ணாதீர்கள், பத்தியிலிருந்து தூக்கி வைக்காதீர்கள்.

அரியர் அரசன்: மேடம், போன தடவை 28 வந்தது. மறுமதிப்பீடு போட்டால் ஏறுமா?

அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய கேள்வி. கடைசித் தேதி அங்கே ஒட்டியிருப்பார்கள். விடைத்தாள் நகல் கிடைத்தால் முதலில் அதை வாங்கி, வாசிப்புப் பத்திக்கு நீங்கள் எழுதியதைப் பாருங்கள்.

அரியர் அரசன்: பார்த்தேன் மேடம். பத்தியை முழுசாக எழுதி வைத்திருக்கிறேன்.

சரி. அடுத்தவர் கேளுங்கள்.